வெயிலுமுத்துவுக்கு வந்த நோட்டீஸ்

"எட்டு மாசம் ஆகுது, வக்கீலம்மா. கோர்ட்டுல நான் இன்னும் வாயைத் திறக்கலை," என்றார் வெயிலுமுத்து.

தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்க்கவில்லை. வழக்குக் கட்டு ஒன்றை ஊசியால் குத்தி நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து கொட்டாவி விட்டீங்களே அண்ணாச்சி," என்றாள்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவளுக்கு முப்பத்தைந்து. குரு அவள்தான். சிஷ்யர் அவர்தான்.

முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் வெயிலுமுத்து. ஓய்வு பெற்ற கையோடு சட்டக் கல்லூரியில் போய் உட்கார்ந்தார். கூடப் படித்த பிள்ளைகள் தாத்தா என்று கூப்பிட்டார்கள். கோபப்படாமல் அவர்களிடமே பாடம் கேட்டுக்கொண்டார். கடைசியில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு தங்கபுஷ்பத்திடம் ஜூனியராகச் சேர்ந்தபோது, போயும் போயும் ஒரு சின்னப் பெண்ணிடமா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். டிரைவருக்கு என்ன வயசானால் என்ன, பஸ் ஊர் போய்ச் சேர்ந்தால் சரி என்றுவிட்டார்.

ஆனால் மனசுக்குள் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது.

முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே, ஜவுளிக்கடை மாடியில் இரண்டு அறை. அதுதான் ஆபீஸ். அங்கே அவர் நகல் எடுத்தார். முத்திரை ஒட்டினார். வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டு வந்தார். நூல் கோத்தார். வக்கீல் என்றால் மேஜையைத் தட்டிப் பேசுகிறவர் என்று நினைத்து வந்தவருக்கு, மேஜையைத் துடைக்கிற வேலைதான் கிடைத்தது.

"வக்கீலுக்கு வேலை என்னதான், வக்கீலம்மா?" என்று கேட்டேவிட்டார்.

"இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க," என்றாள் அவள்.

அவர் நூலைப் பிடித்தார். அவள் முடிச்சுப் போட்டாள். அதற்குள் மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது.

வந்தவள் பெயர் மாடத்தி. பீடி சுற்றுகிற பெண். உட்காரும்போதே அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே சொன்னாள்.

அவளுடைய ஒரே மகள் முத்துச்செல்விக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காலும் நடக்காது. படித்துப் பரீட்சை எழுதி, தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்கு உத்தரவு வாங்கிவிட்டாள். பதினாறாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் உத்தரவு செல்லாது. போக வர, பக்கத்துக்கு ஒரு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டர் இருக்கிறது. அதை ஓட்டிக்கொண்டு உள்ளூரெல்லாம் சுற்றியவள்தான் அவள்.

இப்போது வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கிறது. அவர்கள் வீட்டுக்குப் போகிற முடுக்குச் சந்தில் முன்வீட்டு லட்சுமணப் பெருமாள் நட்டநடுவே ஒரு கல்தூணை நட்டுவிட்டார். மனிதர் போகலாம். ஆடு போகலாம். அந்த ஸ்கூட்டர் போகாது.

"அன்னைக்கே போய்க் கேட்டேன். வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவனும் விடலை. இருபத்தோரு நாளாச்சு. என் பிள்ளை சன்னல்ல உக்காந்து அந்தக் கல்லையே பாத்துக்கிட்டு இருக்கா," என்றாள் மாடத்தி.

அன்றைக்குத் தேதி நான்கு.

வெயிலுமுத்துவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு பெண்பிள்ளையை எவனாவது இடித்தால் ஏறுமே, அதே சூடு.

தங்கபுஷ்பம் எல்லாவற்றையும் கேட்டாள். முடுக்கு யார் பேரில் இருக்கிறது, எத்தனை வருஷமாக நடக்கிறீர்கள், பத்திரத்தில் பாதை என்று எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். வக்காலத்தில் மாடத்தியிடம் கையெழுத்து வாங்கினாள். அதில் தன் பேருக்குக் கீழே வெயிலுமுத்துவின் பேரையும் சேர்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நீங்களே எழுதுங்கள் என்றாள்.

எட்டு மாதத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் உட்கார்ந்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவர் மனைவி இசக்கியம்மாள், அப்படி என்னதான் எழுதுகிறீர்கள் என்று நாலு தடவை கேட்டாள். அவர் சொல்லவில்லை. மாடிப்படி ஏறி வந்த பேச்சு படியிறங்கிப் போகக் கூடாது, அது வீடானாலும் சரி என்று முதல் நாளே தங்கபுஷ்பம் சொல்லியிருந்தாள். கண்டக்டராக இருந்த காலத்தில் பஸ்ஸில் நடந்தது மொத்தத்தையும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கொட்டுகிற மனிதர், இப்போது மென்று முழுங்குவதைப் பார்த்து இசக்கிக்கு ஆற்றாமையாக இருந்தது.

நாலு பக்கம். திங்கட்கிழமை கொண்டுபோய் நீட்டினார்.

தங்கபுஷ்பம் முதல் பக்கம் படித்தாள். இரண்டாம் பக்கம் படித்தாள். நாலையும் படித்து முடித்து மடித்து வைத்தாள்.

"நல்லா இருக்கா, வக்கீலம்மா?"

"தபால்ல போட்டுருதேன்," என்றாள்.

திருத்தம் ஒன்றுகூட இல்லை! வெயிலுமுத்து அன்றைக்கு மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கினார்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டு முடிந்து அவர் வீட்டுக்குப் போனபோது சாயங்காலம் ஐந்து மணி. வாசல் தெளிக்கவில்லை. அடுப்பு எரியவில்லை. இசக்கி நடுவீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அடுத்த வீட்டுக் கல்லூரிப் பெண், ஒரு காகிதத்தைப் பாம்பைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்தக் கல்லை எங்க நட்டீங்க?" என்றாள் இசக்கி.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மத்தியானம் தபால்காரர் வந்து அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு உறையைக் கொடுத்திருக்கிறார். பதிவுத் தபால். இசக்கிக்கு அந்தக் கோர்ட்டுத் தமிழ் பிடிபடவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறாள். அது சத்தம் போட்டு வாசித்திருக்கிறது. வாசிக்க வாசிக்கத் தெருவில் நாலு பேர் கூடியிருக்கிறார்கள். இவருக்குப் போன் போட்டுப் பார்த்தால், கோர்ட்டில் இருந்ததால் அணைத்து வைத்திருக்கிறார்.

"கூடவே வெச்சு வேலை வாங்கிக்கிட்டு, உங்க வக்கீலம்மாவே உங்க மேல நோட்டீஸ் விட்டிருக்கா. அவ பேருதான் மேல அச்சடிச்சிருக்கு. யாரோ கட்சிக்காரியாம். அவ பேரைக்கூடப் போடலை. யாருங்க அந்தக் கட்சிக்காரி?"

அவர் காகிதத்தை வாங்கினார்.

பெறுநர் என்ற இடத்தில் அவர் பெயர், அவர் வீட்டு விலாசம். மாடத்தியின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டிருந்தது. மற்றபடி ஒவ்வொரு எழுத்தும் அவருடையது. அராஜகப் போக்கு, அவருடையது. ஈவிரக்கமற்ற பேய் மனம், அவருடையது. காலமெல்லாம் கம்பி எண்ண நேரிடும் என்பதை எழுதிவிட்டு ஒரு டம்ளர் காப்பியைச் சந்தோஷமாகக் குடித்தது நன்றாக ஞாபகம் இருந்தது.

அடியில் வக்கீல் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

இசக்கி ஒரு வரியை விரல் வைத்துக் காட்டினாள். அந்தப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு அந்த வரியை மட்டும் மனப்பாடமே செய்திருந்தாள். நீரும் உமது குடும்பத்தாரும் கூட்டுச் சதி செய்து.

"குடும்பத்தார்னா நான்தானே. நான் என்னங்க செஞ்சேன்?"

அவர் காகிதத்தை மடித்தார்.

"எங்க அண்ணனுக்குச் சொல்லிட்டேன். ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வாரான். அந்த வக்கீல் ஆபீஸுக்கே போயி என்ன ஏதுன்னு கேட்டுட்டுத்தான் மறுவேலைங்கான்."

"ஐயோ, அவனை நிறுத்து. இதை எழுதினது நான்தான்," என்றார் வெயிலுமுத்து.

இசக்கி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு நீங்களேவா?"

அடுத்த வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியேவிட்டது.

அண்ணனை நிறுத்த முடியவில்லை. அவர் பஸ் ஏறியாகிவிட்டது. வந்திறங்கிய மூன்று பேருக்கும் இசக்கி தோசை சுட்டுப் போட வேண்டியதாயிற்று. சண்டைக்கென்று வந்தவர்கள் ஆளுக்கு எட்டுத் தோசை சாப்பிட்டுவிட்டு, சண்டை இல்லை என்றதில் கொஞ்சம் வருத்தத்தோடுதான் திரும்பிப் போனார்கள். இசக்கி மட்டும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் வெயிலுமுத்து மாடியேறினார். தங்கபுஷ்பம் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மதினி சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை."

அவள் சாப்பாட்டுப் பையைத் திறந்து, தன் பிள்ளைக்கென்று செய்த அதிரசத்தில் நாலை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, மதினியிடம் கொடுங்கள், நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள் என்றாள்.

"நாள் ஓடுது, வக்கீலம்மா. தேதி எட்டாச்சு," என்றார் அவர். கோபம் இருந்தது. அதைவிட வெட்கம் இருந்தது.

அவள் மேஜைமேல் இருந்த ஒரு கட்டைக் காட்டினாள். புதுக் கட்டு. மாடத்தியின் வழக்கு, நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் மறுநாளே தாக்கல் செய்வதற்குத் தயாராக, நூல் கோத்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. அவர் நோட்டீஸ் எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளும் அதைச் செய்திருக்கிறாள்.

"இது கோர்ட்டுக்குப் போனா அந்தப் பிள்ளைக்கு என்னைக்கு வழி கிடைக்கும்?"

"நான் நல்லா வாதாடினா, ரெண்டு மூணு வருஷத்துல," என்றாள் அவள். கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

வெயிலுமுத்து கீழே ஜவுளிக்கடைத் தையல்காரரிடம் டேப் இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

முடுக்கு ஏழடி. நடுவில் கல். இந்தப் பக்கம் மூன்றடிச் சொச்சம், அந்தப் பக்கம் மூன்றடிச் சொச்சம். அளந்து எழுதிக்கொண்டார். லட்சுமணப் பெருமாள் வீட்டுச் சுவரோரம் ஏதோ தொட்டி இருந்தது. மூடிக்குப் பதிலாகப் பலகை போட்டு, அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருந்தது. அதையும் எழுதிக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

முத்துச்செல்வி சன்னலில் இருந்தாள். வாங்க சார் என்று கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். வண்டியை நாலு பேர் தூக்கி ரோட்டில் வைத்தால் ஆகாதா என்று அவர் கேட்டார்.

"தினமும் காலையில நாலு பேரு, சாயங்காலம் நாலு பேரு யாரு சார் வருவா? வண்டியை ரோட்டுலயே விட்டா, அங்க வரைக்கும் நான் அம்மா இடுப்புலதான் போகணும். எனக்கு இருபத்திநாலு வயசு சார்," என்றாள்.

அவர் தலையாட்டினார். பிறகு, நோட்டீஸில் ஒரு வரி சேர்க்கலாமா என்று மாடத்தியிடம் அனுமதி கேட்டார். கல் நட்டதற்குக் காரணம் இருந்தால் சொல்லட்டும் என்று ஒரு வரி.

மாடத்தி பீடித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அந்த ஆளிடம் போய் நான் காரணம் கேட்பதா, என் சவத்து மேலதான் என்றாள்.

"கேளுங்க சார். எனக்குத் தெரியணும். நான் அந்த வீட்டுப் பிள்ளையை வண்டியில முன்னால வெச்சுச் சுத்தினவ. என்ன கோவம்னு எனக்குத் தெரியணும்," என்றாள் முத்துச்செல்வி.

அன்று மத்தியானம் அவர் எழுதியது பதினோரு வரி. எத்தனை வருஷமாக அது பாதை, பத்திரத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, வண்டியின் அகலம் என்ன, மிச்சமுள்ள இடம் என்ன, எந்தத் தேதிக்குள் வேலையில் சேர வேண்டும், எந்தத் தேதிக்குள் கல்லை எடுக்கக் கேட்கிறோம், எடுக்காவிட்டால் வழக்குத் தாக்கல் செய்வோம். கடைசி வரி இது: தாங்கள் கல் நட வேண்டி வந்த காரணம் ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்; எமது கட்சிக்காரர் அதைக் கேட்கத் தயாராக இருக்கிறார்.

தங்கபுஷ்பம் படித்தாள். உடனடியாக என்ற ஒரு சொல்லை அடித்து, பதிமூன்றாம் தேதிக்குள் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

நன்றாக இருக்கிறதா என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை.

ஒன்பதாம் தேதி போனது. பத்து போனது. பதினொன்றும் போனது. மாடத்தி தினம் இரண்டு தடவை போன் செய்து, உங்க காயிதத்துல அவன் வடை மடிச்சுத் தின்னிருப்பான் என்றாள்.

பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தங்கபுஷ்பம் ஒரு கட்சிக்காரரைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தாள். வெயிலுமுத்து மட்டும் ஆபீஸில். அப்போது ரெக்ஸின் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு மனிதர் மாடியேறி வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"லட்சுமணப் பெருமாள். காயிதம் வந்துச்சு," என்றார்.

வெயிலுமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்தவர் பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேச்சு நிற்கவில்லை. முடுக்கில் பின்னால் யாரோ வீடு கட்டுகிறார்கள். அதற்கு மணல் ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டி வந்துபோகும். அது ஒருநாள் ஒதுங்கும்போது இவர் வீட்டுக் கழிவுத் தொட்டி மூடிமேல் ஏறி, மூடி உடைந்துவிட்டது. வண்டிக்காரன் பார்க்காமலே போய்விட்டான். சாயங்காலம் விளையாடப் போன இவருடைய மூன்று வயதுப் பேத்தி, ஒரு கால் உள்ளே போய்விட்ட நிலையில், பாவாடை கம்பியில் மாட்டியதால் தப்பியது. மறுநாள் விடிந்ததும் கல்லை நட்டுவிட்டார். ஸ்கூட்டர் ஞாபகமே அவருக்கு வரவில்லை. ஞாபகம் வருவதற்குள் மாடத்தி வந்து தெருவே கேட்கக் கத்தினாள். இவரும் கத்தினார். கத்திய பிறகு கல்லை எப்படி எடுப்பது?

"காரணம் இருந்தா சொல்லுன்னு எழுதியிருந்துச்சு. இத்தனை நாள்ல என்னை யாருமே கேக்கலை," என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப என்ன செய்யணும்? எங்க கையெழுத்துப் போடணும்? எழுதுங்க, போட்டுட்டுப் போறேன்."

வெயிலுமுத்துவின் கை தானாகவே காகிதத்தை எடுத்தது. நாலே வரி. கல்லைப் பிடுங்கிவிடுகிறேன், இனி எந்தக் காலத்திலும் எந்த விதத் தடையும் அந்தப் பாதையில் வைக்கமாட்டேன். மாடத்தி கேட்டது அத்தனையும் அதில் இருந்தது. கேட்காததும் இருந்தது. இன்னும் நாலு நாள் மிச்சம். இந்தக் காகிதம் போதும். பிள்ளை வேலைக்குப் போய்விடும். அவருடைய முதல் வழக்கு, கோர்ட்டுக்கே போகாமல் முழு வெற்றி. அவருக்கு விரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது.

"வாசிச்சுப் பாருங்க," என்று நீட்டினார்.

"கண்ணாடி கொண்டாரலை. நீங்க எழுதினாச் சரியாத்தான் இருக்கும்," என்று பேனாவுக்குக் கை நீட்டினார் லட்சுமணப் பெருமாள்.

வெயிலுமுத்து பேனாவைக் கொடுக்கவில்லை.

நடுவீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த இசக்கி அவர் கண் முன்னால் வந்தாள். வாசித்தும் பிடிபடாத காகிதம். அதை வாசித்துச் சொல்ல, அடுத்த வீட்டுப் பெண்ணைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது அவளுக்கு.

"அய்யா, நான் உங்க வக்கீல் இல்லை," என்றார்.

"தெரியும்."

"நான் மாடத்தியோட வக்கீல்."

"அதுதான் தெரியும்னு சொல்லுதேனே. அதுக்கு என்ன?"

"எந்திரிங்க," என்றார் வெயிலுமுத்து.

மாடியை விட்டு இரண்டு பேரும் இறங்கினார்கள். ரோட்டைத் தாண்டினார்கள். எதிர்ச் சந்தில் சார்லஸ் வக்கீல் ஆபீஸ். அந்த ஊரில் எதிராளியின் காகிதத்தில் ஒரு புள்ளியைக்கூடச் சும்மா விடாத ஆள் என்று பெயர் எடுத்தவர் சார்லஸ். வெயிலுமுத்து வாசலில் நின்றபடியே, இவருக்கு ஒரு வக்கீல் வேண்டியிருக்கிறது சார், நான் எதிர்த்தரப்பு என்று சொல்லிவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்தார்.

திரும்பி வந்தால் மாடத்தி நிற்கிறாள். ஜவுளிக்கடை வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. கையெழுத்துப் போட வந்தவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், கொம்பு சீவிவிட்டு வந்திருக்கிறீரே என்றாள். பஸ்ஸில் டிக்கெட் கிழித்த ஆளிடம் என் பிள்ளை பிழைப்பைக் கொடுத்தேனே என்றாள். எழுதி வைத்த காகிதத்தையாவது கொடும், நானே வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அவர் அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னார். தொட்டி, குட்டியானை, பேத்தி. மாடத்தி பேத்தி என்ற இடத்தில் மட்டும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினாள். பிறகு, அதுக்காக என்று மறுபடி ஆரம்பித்தாள்.

சாயங்காலம் தங்கபுஷ்பம் வந்து சேர்ந்தாள். மாடத்தி ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெயிலுமுத்து இன்னொரு மூலையில்.

"உங்க அண்ணாச்சி எதிராளிக்கு வக்கீல் பிடிச்சுக் கொடுத்துட்டு வந்திருக்காரு," என்றாள் மாடத்தி.

தங்கபுஷ்பம் அவரைப் பார்த்தாள்.

"யாரைப் பிடிச்சுக் கொடுத்தீங்க?"

"சார்லஸ் சாரை."

தங்கபுஷ்பம் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஊர்ல அவ்வளவு பேரு இருக்கும்போது, கொஞ்சம் லேசான ஆளாப் பாத்திருக்கக் கூடாதா அண்ணாச்சி?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும்.

மறுநாள் பதிமூன்று. மத்தியானம் சார்லஸ் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. கல்லை எடுக்க முடியாது.

மாடத்தி காகிதத்தைப் பார்த்தாள். வெயிலுமுத்துவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, நேற்றுப் பேசியதே தேவலை.

ஆனால் அடியில் இன்னொரு வரி இருந்தது. எடுக்க முடியாது, நகர்த்த முடியும். அளந்து பேச வருகிறீர்களா?

சாயங்காலம் முடுக்கில் எல்லோரும் கூடினார்கள். சார்லஸ் ஒரு நுனியையும் வெயிலுமுத்து மறு நுனியையும் பிடித்து முத்துச்செல்வியின் ஸ்கூட்டரை அளந்தார்கள். நாலடி. குட்டியானையின் அகலம் ஐந்தடி என்று சார்லஸ் முன்னமே விசாரித்து வைத்திருந்தார். கல்லை நாலரை அடி விட்டு ஓரமாக நட்டால், ஸ்கூட்டர் போகும், குட்டியானை போகாது. நாலேமுக்கால் வேண்டும், வண்டி ஓட்டுகிற பிள்ளைக்குக் கை இடிக்கும் என்று வெயிலுமுத்து நின்றார். நாலரைக்கு மேல் ஒரு விரல்கூடக் கூடாது என்று சார்லஸ் நின்றார். இரண்டு பேரும் குரல் உயர்த்தி, அரை மணி நேரம், கால் அடிக்காக.

"நானே ஓட்டிப் பாக்குதேன்," என்றாள் முத்துச்செல்வி.

இரண்டு செங்கலை வைத்து நாலரை அடிக்கு வழி விட்டார்கள். அவள் வண்டியைக் கிளப்பி அதற்குள் போய், திரும்பி, மறுபடி வந்தாள். செங்கல் அசையவில்லை. அவளைச் சுற்றி வந்த லட்சுமணப் பெருமாளின் பேத்தி, நானும் என்று வண்டியின் முன்னால் ஏறிக்கொண்டது. யாரும் இறக்கிவிடவில்லை.

ஒப்பந்தம் இரண்டு பக்கம். சார்லஸ் வாசித்து அவர் கட்சிக்காரருக்கு விளக்கினார். வெயிலுமுத்து வாசித்து மாடத்திக்கு விளக்கினார். தொட்டிக்குக் கான்கிரீட் மூடி, கல் நாலரை அடியில், அவசரம் என்றால் கழற்றுகிற மாதிரி பூட்டு, சாவி ரெண்டு வீட்டிலும். லட்சுமணப் பெருமாள் இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பதினைந்தாம் தேதி காலை எட்டரை மணிக்கு முத்துச்செல்வி வேலைக்குக் கிளம்பினாள். புதுச் சேலை, தோளில் பை, பைக்குள் உத்தரவு. கல்லைத் தாண்டும்போது ஹாரன் அடித்தாள். எதற்கு என்று தெரியவில்லை, சந்தோஷத்துக்கு இருக்கலாம். லட்சுமணப் பெருமாள் வீட்டிலிருந்து குழந்தை பதிலுக்குக் கத்தியது.

வண்டி ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் மாடத்தி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் நின்ற வெயிலுமுத்துவிடம், முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும். நீரு என் வக்கீலா, அந்த ஆளுக்கு வக்கீலா?"

"உனக்குத்தான்."

"பின்ன எதுக்கு அவ்வளவு பெரிய வக்கீல்கிட்டக் கொண்டுபோய் விட்டீரு?"

"அவரு வாசிச்சு விளக்கிப் போட்ட கையெழுத்தை நாளைக்கு யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. நீ இன்னொரு தடவை என் மாடிப்படி ஏறக் கூடாதுன்னுதான்," என்றார் வெயிலுமுத்து.